காலியாகத் தெரியும் இடம்: டெல்லூரைட்டுப் படிகங்களைப் பற்றி



அழைப்பிதழில் 'டெல்லூரைட்டு' என்ற சொல்லைப் பார்த்ததும் ஏதோ புது மருந்தின் பெயர் என்று நினைத்தவர்கள் உங்களில் இருக்கக்கூடும். மருந்தும் இல்லை, உரமும் இல்லை. டெல்லூரியம் என்ற தனிமமும் ஆக்சிஜனும் ஓர் உலோகமும் சேர்ந்து உண்டாகும் உப்புக்குத்தான் அந்தப் பெயர். அந்த உப்புப் படிகமாகும்போது அதன் அணுக்கள் எப்படி அடுக்கப்படுகின்றன என்பதே இன்றைய பேச்சு. குறிப்பாக, அந்த அடுக்கில் காலியாகத் தெரியும் சில இடங்களைப் பற்றி.

முதலில் தனிமத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெல்லூரியத்தின் அணு எண் 52. தனிம வரிசை அட்டவணையில் ஆக்சிஜன், கந்தகம், செலினியம் என்று இறங்கி வந்தால் நான்காவது வீடு. 1782-இல் திரான்சில்வேனியாவின் தங்கத் தாதுவிலிருந்து முல்லர் ஃபான் ரைஷென்ஸ்டைன் இதைப் பிரித்தார். கையில் இருப்பது என்ன என்று அவருக்கே பிடிபடவில்லை. 'சிக்கலான உலோகம்' என்று எழுதி வைத்தார். 1798-இல் பெர்லினில் கிளாப்ரோத் இது புதுத் தனிமம் என்று உறுதிசெய்து, பூமியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பெயர் சூட்டினார். பெயரில்தான் பூமி. பூமியின் மேலோட்டில் இது இருக்கும் அளவோ நூறு கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில்தான். இன்று பெரும்பாலும் தாமிரத்தைத் தூய்மைப்படுத்தும் தொட்டிகளின் அடியில் தங்கும் சேற்றிலிருந்தே எடுக்கிறார்கள். இதனோடு வேலை செய்பவர்கள் இன்னொரு செய்தி சொல்வார்கள்: துளி அளவு உடம்புக்குள் போனாலும் மூச்சில் பூண்டு நாற்றம் வீசும், நாள்கணக்கில் போகாது. உடம்பு அதை டைமெத்தில் டெல்லூரைடு என்ற ஆவியாக மாற்றி வெளியே விடுவதால் வரும் நாற்றம் அது. டெல்லூரிய ஆய்வாளரைப் பேருந்தில் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம்.

இனி விஷயத்துக்கு வருவோம். டெல்லூரியத்தின் வெளிக்கூட்டில் 6 எலக்ட்ரான்கள். ஆறும் பிணைப்புக்குப் போய்விட்டால் கிடைப்பது டெல்லூரேட்டு. நான்கு மட்டும் போய், இரண்டு பின்தங்கினால் கிடைப்பது டெல்லூரைட்டு. பின்தங்கும் இந்த இரண்டையும் நம் பள்ளிப் பாடநூல்கள் 'தனித்த இரட்டை' என்கின்றன. எந்த அணுவோடும் சேராத, ஆனால் டெல்லூரியத்தை விட்டுப் போகாத ஜோடி.

இந்த ஜோடி என்ன செய்கிறது? கார்பனேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் கார்பன், சுற்றி மூன்று ஆக்சிஜன். நான்கும் ஒரே தளத்தில், தட்டையான முக்கோணம். டெல்லூரைட்டிலும் மூன்று ஆக்சிஜன்தான். ஆனால் அவை தட்டையாகப் பரவுவதில்லை. மூன்றும் ஒரு பக்கமாகச் சாய்ந்து அடித்தளம் அமைக்க, டெல்லூரியம் உச்சியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. குட்டையான ஒரு பிரமிடு. டெல்லூரியத்திலிருந்து ஒவ்வோர் ஆக்சிஜனுக்கும் தூரம் ஏறத்தாழ 1.9 ஆங்ஸ்ட்ராம். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. பிணைப்புகளுக்கு இடையிலான கோணம் 95 முதல் 100 பாகை வரை. ஒழுங்கான நான்முகியில் அந்தக் கோணம் 109.5 பாகை இருக்க வேண்டும். இங்கே ஏதோ ஒன்று மேலிருந்து அமுக்கியதுபோல் குறைந்திருக்கிறது. அமுக்குவது அந்தத் தனித்த இரட்டைதான். பிரமிடின் உச்சிக்கு மேலே, ஆக்சிஜன்களுக்கு எதிர்ப்புறமாக அது நீட்டிக்கொண்டு நிற்கிறது.

நம் ஊர்ப் பேருந்தில் சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். இருக்கையில் ஆள் இல்லை. ஆனாலும் அங்கே யாரும் உட்கார முடியாது, உட்கார்ந்தால் சண்டை. தனித்த இரட்டையின் நிலை அச்சு அசலாக இதுதான். படிகத்தின் வரைபடத்தில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். வேறு எந்த அணுவும் அங்கே வந்து அமராது.

அந்த 'வெறுமை'க்குப் பருமன் உண்டா? உண்டு. மூலக்கூறுகளின் வடிவத்தை எலக்ட்ரான் ஜோடிகளின் எண்ணிக்கையிலிருந்து ஊகிக்கலாம் என்று 1940-இல் சிட்ஜ்விக்கும் பவலும் சொன்னார்கள். 1957-இல் கில்லெஸ்பியும் நைஹோமும் அதை வளர்த்து, தனித்த இரட்டைகள் மற்ற ஜோடிகளைவிட அதிக இடம் கேட்கும் என்று காட்டினார்கள். 1975-இல் ழான் கலியும் அவரோடு சேர்ந்தவர்களும் திடப்பொருள்களில் அந்த இடத்தையே அளந்தார்கள். அவர்கள் கண்ட முடிவு எனக்கு இன்றும் வியப்பளிப்பது: படிகத்தில் ஒரு தனித்த இரட்டை எடுத்துக்கொள்ளும் இடம், ஓர் ஆக்சிஜன் அயனி எடுத்துக்கொள்ளும் இடத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். இரண்டே எலக்ட்ரான்கள், ஒரு முழு அயனிக்குரிய இடத்தை வளைத்துப் போட்டிருக்கின்றன.

இவ்வளவு இடம் பிடிக்கும் ஒன்றை எக்ஸ் கதிர் ஏன் நேராகக் காட்டுவதில்லை என்று கேட்கலாம். எக்ஸ் கதிரைப் படிகத்தில் செலுத்தினால் அது எலக்ட்ரான்களில் பட்டுச் சிதறுகிறது. அடுக்கு ஒழுங்காக இருப்பதால் சிதறிய கதிர்கள் சில திசைகளில் மட்டும் சேர்ந்து வலுப்பெறுகின்றன. லாவே 1912-இல் தொடங்கிவைத்து, பிராக் தந்தையும் மகனும் கருவியாக்கிய முறை இது. எத்தனை எலக்ட்ரானோ அத்தனை சிதறல். ஆக, 52 எலக்ட்ரான் கொண்ட டெல்லூரியம் உரக்கக் கத்தும். 8 எலக்ட்ரான் கொண்ட ஆக்சிஜன் அடங்கிப் பேசும். ஒரே எலக்ட்ரான் உள்ள ஹைட்ரஜன் முணுமுணுக்கும். டெல்லூரியத்தின் அருகிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு எலக்ட்ரான்களின் குரல் அந்தக் கூச்சலில் எங்கே கேட்கும்? மற்ற அணுக்கள் ஒதுங்கி நிற்பதைப் பார்த்துத்தான் அது இருக்கும் இடத்தை முடிவுசெய்கிறோம்.

இப்போது ஓர் உண்மையான டெல்லூரைட்டை எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம். பல நூறு டெல்லூரைட்டுகள் இருக்க, நான் தேர்ந்தெடுத்திருப்பது செமனைட்டு. காரணம் கொஞ்ச நேரத்தில் விளங்கும்.

மெக்சிகோவின் வடக்கில் சொனோரா மாநிலம். அங்கே மொக்தெசுமா என்ற ஊரருகே ஒரு பழைய தங்கச் சுரங்கம்; லா பம்பொல்யா என்றும் அதைச் சொல்வார்கள். தங்கத்தைவிட டெல்லூரியக் கனிமங்களால்தான் கனிமவியலாளர்களிடம் அதற்குப் பேர். உலகில் முதன்முதலாக அங்கே கண்டெடுக்கப்பட்ட டெல்லூரியக் கனிமங்களின் பட்டியல் நீளமானது. அவற்றில் ஒன்று, பழுப்பு நிறத்தில், ஆறு பட்டை தீட்டிய பென்சில் முனைபோல் வளரும் சிறு படிகம். பெரியதே ஒரு மில்லிமீட்டர் தேறும். 1967-இல் மாட்சாட் என்ற படிகவியலாளர் இதன் அணு அடுக்கைக் கண்டறிந்து வெளியிட்டார். அப்போது அந்தக் கனிமத்துக்குப் பெயரே இல்லை. கட்டுரையின் தலைப்பிலேயே 'பெயரிடப்படாத ஒரு டெல்லூரைட்டுக் கனிமம்' என்றுதான் இருக்கும். வீட்டின் வரைபடம் முதலில் வந்து, பெயர்ப்பலகை பின்னால் வந்தது. டெல்லூரியக் கனிமங்களின் படிக வேதியியலை முறைப்படுத்திய ஆஸ்திரியப் படிகவியலாளர் யோசஃப் செமனின் பெயரால் அது பிறகு செமனைட்டு ஆயிற்று.

அதன் அமைப்பைச் சொல்கிறேன். கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். உலோக அணு ஒன்றைச் சுற்றி ஆறு ஆக்சிஜன்கள்: மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் நான்கு. இது எண்முகி, எட்டு முக்கோண முகங்கள் உடையது. இப்படி இரண்டு எண்முகிகள் ஒரு முகத்தோடு ஒரு முகமாக ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய முகத்தின் மூன்று ஆக்சிஜன்களும் இரண்டுக்கும் பொது. ஆக, இரண்டு உலோகங்களுக்கு ஆக்சிஜன்கள் எத்தனை? ஆறும் ஆறும் பன்னிரண்டு. பொதுவான மூன்றைக் கழித்தால் ஒன்பது. இந்த ஒன்பதை நினைவில் வையுங்கள்.

இந்த ஜோடிகளை ஒன்றோடொன்று கட்டுவது டெல்லூரைட்டுப் பிரமிடுகள். ஒவ்வொரு ஜோடிக்கும் மூன்று பிரமிடுகள் என்பது கணக்கு. பிரமிடுக்கு மூன்று ஆக்சிஜன்; மூன்று பிரமிடுகளுக்கு ஒன்பது. எண்முகி ஜோடியிடம் இருந்த அதே ஒன்பது! ஓர் ஆக்சிஜன்கூட உபரி இல்லை, பற்றாக்குறையும் இல்லை. ஒவ்வோர் ஆக்சிஜனும் ஒரு கையால் டெல்லூரியத்தையும் மறு கையால் உலோகத்தையும் பற்றியிருக்கிறது; பொது முகத்தில் இருப்பவை இரண்டு உலோகங்களையும் பற்றியிருக்கின்றன. இயற்கையின் கட்டுமானங்களில் சிக்கனத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து குறைவு.

இப்படிக் கட்டும்போது நடுநடுவே நீளமான அறுகோணக் கால்வாய்கள் விழுகின்றன. குறுக்களவு, அணுவின் மையத்திலிருந்து எதிர் அணுவின் மையம் வரை, 8 ஆங்ஸ்ட்ராமுக்குச் சற்று மேல். கால்வாயின் நடு அச்சைப் பிடித்துக்கொண்டு படிகத்தை 60 பாகை திருப்பி, உடனே அலகுக்கூட்டின் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய பெட்டியின்) பாதி உயரம் மேலே தள்ளினால், பழைய அடுக்கே திரும்ப வரும். திருகு அச்சு என்பார்கள். அலகுக்கூட்டின் அளவு, அடியில் 9.4 ஆங்ஸ்ட்ராம், உயரம் 7.6 ஆங்ஸ்ட்ராம்.

கால்வாய் ஏன் விழுந்தது? டெல்லூரியங்கள் தங்கள் தனித்த இரட்டைகளைக் கால்வாயை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கின்றன. பிரமிடின் ஒரு பக்கம் மட்டுமே பிணைக்கும், மறுபக்கம் பிணைக்காது. அந்தப் பிணைக்காத பக்கங்கள் ஒன்றையொன்று பார்த்துக் கூடும் இடத்தில் திறந்த வெளி உண்டாகிறது. அடர்த்தியாக நிரம்ப வேண்டிய கல்லுக்குள் ஓட்டை விழுந்ததன் கதை அவ்வளவுதான்.

ஓட்டைக்குள் என்ன இருக்கிறது? நான் செமனைட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்தக் கேள்விதான் காரணம். மாட்சாட்டின் வாய்பாட்டில் கால்வாய்க்குள் சோடியமும் ஹைட்ரஜனும் நீரும் இருந்தன. 1995-இல் மிலெட்டிச் என்ற ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரையில் சோடியம் இல்லை. அதன் இடத்தில் மெக்னீசியம். இடையில் 28 ஆண்டுகள். சட்டகத்தை 1967-லேயே சரியாகச் சொல்லிவிட்டார்கள். உள்ளே குடியிருப்பவர் யார் என்பதுதான் மாறியது.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. எண்ணிப் பாருங்கள். சோடியத்துக்கு 11 எலக்ட்ரான். ஒன்றை இழந்து அயனியானால் 10. மெக்னீசியத்துக்கு 12; இரண்டை இழந்தால் 10. ஒரு நீர் மூலக்கூறு? ஆக்சிஜனின் 8, இரண்டு ஹைட்ரஜனுக்கு 2, ஆக மொத்தம் 10. எலக்ட்ரானை மட்டுமே எண்ணத் தெரிந்த எக்ஸ் கதிருக்கு மூவரும் ஏறத்தாழ ஒரே ஆள். அதோடு கால்வாய்க்குள் இவர்கள் ஓர் இடத்தில் நிலையாக இருப்பதில்லை. ஒரே இடத்தில் ஒரு கூட்டில் இவர், அடுத்த கூட்டில் அவர். கிடைப்பது எல்லாவற்றின் சராசரி மங்கல். சுற்றிலும் 52 எலக்ட்ரான் டெல்லூரியங்களின் இரைச்சல் வேறு.

அப்படியானால் எப்படித்தான் பிரித்தறிவது? தூரத்தை வைத்துத்தான். மெக்னீசியம் நீரின் ஆக்சிஜனை 2.1 ஆங்ஸ்ட்ராம் அளவுக்குள் இழுத்துப் பிடிக்கும். சோடியம் தளர்வான பிடி, 2.4 அளவில் நிற்கும். கூடவே வேதிப் பகுப்பாய்வும், மின்சுமைக் கணக்கும் வேண்டும். இந்தக் கணக்கை இங்கேயே போட்டுவிடலாம். சட்டகத்தில் இருக்கும் உலோக ஜோடியில் ஒன்று துத்தநாகம், மின்சுமை +2. இன்னொன்று இரும்பு, +3. கூட்டினால் +5. டெல்லூரைட்டுப் பிரமிடு ஒவ்வொன்றுக்கும் −2, மூன்றுக்கு −6. மிச்சம் −1. படிகம் மின்சுமையோடு நிற்க முடியாது. அந்தக் குறையை +2 மின்சுமை கொண்ட மெக்னீசியம் அரை எண்ணிக்கையில் வந்து தீர்க்கிறது. அதாவது இரண்டு வாய்பாட்டு அலகுகளுக்கு ஒரு மெக்னீசியம். அது கால்வாயின் நடுவில் ஆறு நீர் மூலக்கூறுகள் சூழ இருக்கிறது. அலகுக்கு நான்கரை நீர் என்ற கணக்கில், மூன்று மெக்னீசியத்தைச் சூழ்ந்தவை, ஒன்றரை சும்மா திரிபவை. அரையும் ஒன்றரையும் எப்படி என்று மாணவர்கள் முகம் சுளிப்பார்கள். அலகை இரட்டித்துக்கொண்டால் ஒரு மெக்னீசியம், ஒன்பது நீர்; பின்னம் போய்விடும்.

துத்தநாகமும் இரும்பும் இன்னொரு தலைவலி. ஜோடியில் எது மேலே, எது கீழே? துத்தநாக அயனிக்கு 28 எலக்ட்ரான், இரும்பு அயனிக்கு 23. வேறுபாடு உண்டு, ஆனால் பெரிதில்லை. கூட்டுக்குக் கூடு இடம் மாறி மாறி அமர்ந்தால் ஜோடியின் பொது முகம் ஒரு கண்ணாடித் தளமாகும். மேல் பாதி கீழ்ப் பாதியின் பிம்பம். ஒவ்வொன்றும் தனக்கென ஓர் இடத்தில் ஒழுங்காக அமர்ந்தால் அந்தக் கண்ணாடி உடைந்துவிடும், படிகத்தின் சமச்சீரே வேறாகும். 2017-இல்கூட செமனைட்டின் அமைப்பைப் புதிதாக ஆராய்ந்தார்கள். சூடாக்கி நீரை ஓட்டும்போது சட்டகம் என்ன ஆகிறது என்பதையும் சேர்த்துத்தான். மில்லிமீட்டருக்கு மேல் தேறாத ஒரு கல், ஐம்பது ஆண்டுகளாக ஆட்களுக்கு வேலை கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இதற்கு உறவுக்காரக் கனிமங்களும் உண்டு. துத்தநாகத்துக்குப் பதில் மாங்கனீசு வந்தால் கினிச்சிலைட்டு. ஜப்பானின் கவாசு சுரங்கத்தில் கிடைத்தது, சகுராய் கின்இச்சி என்ற கனிமவியலாளரின் பெயரால் வழங்குவது. நிக்கல் வந்தால் கீஸ்டோனைட்டு. அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள கீஸ்டோன் சுரங்கத்தின் பெயர். சட்டகம் ஒன்றே, குடியிருப்பவர் மாறுகிறார்.

தனித்த இரட்டை இப்படிக் கட்டுமானத்தைப் பிரித்துத் திறந்துவிடும் குணத்தை வேதியியலாளர்கள் தெரிந்தே பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். தாமிரம், டெல்லூரியம், ஆக்சிஜன், குளோரின் சேர்ந்த ஒரு சேர்மம் 2000-இல் வெளியானது. அதில் தாமிர அணுக்கள் நான்கு நான்காக நான்முகிக் கூட்டங்களாகப் பிரிந்து நிற்கின்றன. கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே டெல்லூரியம். சிறு சிறு காந்தத் தீவுகளை ஆராய விரும்பும் இயற்பியலாளர்களுக்கு அது விருந்து. பேரியம், டெல்லூரியம், மாலிப்டினம் சேர்ந்த ஆக்சைடு ஒன்று 2003-இல் வந்தது. மையச் சமச்சீர் இல்லாத படிகம் அது. உள்ளே போகும் லேசர் ஒளியின் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்குவதில் அதன் தூள் குவார்ட்ஸ் தூளைவிட 600 மடங்கு திறன் காட்டியது.

கடைசியாக, உலோகம் ஏதும் சேராத எளிய உறவினர்: டெல்லூரியம் டை ஆக்சைடு. இதன் ஒரு வடிவத்துக்குப் பாராடெல்லூரைட்டு என்று பெயர். இங்கே டெல்லூரியத்துக்கு நான்கு ஆக்சிஜன்கள், ஆனால் சமமாக இல்லை: இரண்டு 1.88 ஆங்ஸ்ட்ராமில், இரண்டு 2.12-இல். நான்கும் ஒரு பக்கமாக ஒதுங்க, மறுபக்கம் வழக்கம்போல் தனித்த இரட்டைக்கு. இந்தப் படிகத்தில் ஒரு விசித்திரம். குறிப்பிட்ட ஒரு திசையில், பக்கவாட்டில் அசையும் ஒலி அலை விநாடிக்குச் சுமார் 617 மீட்டர்தான் போகும். இதே படிகத்தின் வேறொரு திசையில், அழுத்தும் வகை அலை 4,000 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. காற்றிலேயே ஒலி 340 மீட்டர் போகிறது என்றால், கண்ணாடிபோல் கெட்டியான ஒரு கல்லுக்குள் 617 என்பது நடைபோடுவதுதான்.

ஒலி மெதுவாகப் போனால் யாருக்கு லாபம்? ஒளிக்கு. படிகத்தில் ஒலி அலை ஓடும்போது அதன் நெருக்கமும் நெகிழ்வும் ஒளிக்கு ஒரு கீற்றணிபோல் ஆகி, ஒளியை வளைக்கின்றன. 1932-இல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் கண்ட இந்த நிகழ்வுக்குத் தெளிவான கோட்பாடு தந்தவர்கள் நம்மவர்கள்: சர் சி. வி. ராமனும் நாகேந்திர நாத்தும், 1935-36-இல் பெங்களூரிலிருந்து. இன்றும் பாடநூல்களில் ராமன்-நாத் என்ற பெயர் நிற்கிறது. ராமன் விளைவைப் பற்றிப் பேசும் நாம் இந்த வேலையை அவ்வளவாகப் பேசுவதில்லை. அது எனக்கு ஒரு குறை. இந்த விளைவின் திறனைக் காட்டும் எண், ஒலியின் வேகத்தின் முப்படிக்குத் தலைகீழ் விகிதத்தில் மாறும். மற்றவை மாறாமல் வேகம் பாதியானால் திறன் 8 மடங்கு. அதனால்தான் ஒலியால் ஒளியைத் தேர்ந்தெடுக்கும் வடிகட்டிகளுக்குப் பாராடெல்லூரைட்டு முதல் தேர்வாகிறது. ரேடியோ அதிர்வெண்ணை மாற்றினால் போதும், வெளியே வரும் நிறம் மாறும்; அசையும் பாகமே கிடையாது. விண்கலத்துக்கு இதைவிட வசதி வேறென்ன? 2003-இல் செவ்வாய்க்குப் புறப்பட்ட மார்ஸ் எக்ஸ்பிரஸ் கலத்தின் நிறமாலைமானியில் இத்தகைய படிகம் இருந்தது. 2023 ஜூலை 14 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய சந்திரயான்-3-இன் உந்துகலத்தில் ஏறிப்போன 'ஷேப்' கருவியிலும் இதே வகை வடிகட்டிதான். தொலைவிலிருந்து பார்த்தால் உயிர் வாழும் கோள் ஒன்றின் ஒளி எப்படி இருக்கும் என்று நம் பூமியையே பார்த்துப் பழக அனுப்பிய கருவி.

இன்னொரு பயன் இத்தாலியில், கிரான் சாசோ மலைக்கு அடியில். குவோரே என்ற சோதனையில் ஐந்து சென்டிமீட்டர் கனசதுரங்களாக வெட்டிய 988 டெல்லூரியம் டை ஆக்சைடு படிகங்கள், மொத்தம் 742 கிலோ, தனிச்சுழி வெப்பநிலைக்கு மேல் நூறில் ஒரு பாகை அளவில் குளிர்விக்கப்பட்டுத் தொங்குகின்றன. இயற்கை டெல்லூரியத்தில் மூன்றில் ஒரு பங்கு, நிறை எண் 130 கொண்ட அணு. அதன் அணுக்கருவில் இரண்டு நியூட்ரான்கள் ஒரே சமயத்தில் சிதைந்தும் நியூட்ரினோ எதுவும் வெளிவராமல் இருந்தால், நியூட்ரினோ தனக்குத் தானே எதிர்த்துகள் என்று ஆகிவிடும். அப்படி ஒரு சிதைவு நேர்ந்தால் படிகம் இம்மியளவு சூடாகும்; அந்தச் சூட்டைப் பிடிக்கத்தான் இத்தனை குளிர். வெளிக் கதிர்வீச்சு உள்ளே வராமல் தடுக்க, கடலில் மூழ்கிய ரோமானியக் கப்பலிலிருந்து எடுத்த பழைய ஈயத்தைச் சுற்றிலும் அடுக்கியிருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளில் அந்த ஈயத்தின் சொந்தக் கதிரியக்கம் அடங்கிவிட்டது. தேடிய சிதைவு இதுவரை அகப்படவில்லை.

செமனைட்டின் பந்து-குச்சி மாதிரி ஒன்றை இந்த மேசையில் வைத்திருக்கிறேன். சிவப்புப் பந்து ஆக்சிஜன், மஞ்சள் டெல்லூரியம். கேள்வி நேரத்தில் அருகே வந்து, ஒரு ஜோடிக்கு ஒன்பது சிவப்பு வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள். கால்வாய்க்குள் விரலை மட்டும் விடாதீர்கள். போன முறை ஒரு மாணவர் விரலை விட்டு, எடுக்கச் சோப்பு நுரை தேவைப்பட்டது.